தூண் இல்லாத போர்டிகோ

நேற்று அரியலூர் சைட்டில் தளம் போட்டோம். பதினோரு மணிக்கே கறி கொதிக்கிற வாசம் வந்துவிட்டது. முன்னால் மிக்சர் மிஷினிலிருந்து ஈரச் சிமெண்ட் வாசம், கொல்லைப்பக்க அடுப்பிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசம். இந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்குச் சோறு இறங்காது. மூன்று வருஷமாக இப்படித்தான். நம் பக்கத்தில் தளம் போடுகிற அன்று வீட்டுக்காரர் ஆள்காரர்கள் எல்லோருக்கும் கறிச்சோறு போடுவார், இஞ்சினியர் முதல் பந்தியில் உட்கார்ந்தால்தான் அவருக்கு மனசு நிறையும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"சார், இலை போட்டாச்சு, வாங்க" என்று வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"தளம் முடியட்டுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "நான் சாப்பிடலைங்க, ஆளுங்களுக்குப் போடுங்க" என்றேன். அவர் போய்விட்டார். கொத்தனார் பக்கத்து ஆளிடம், "இது ஒரு மாதிரி ஆளுய்யா, சோத்து மேலயே கோவப்படுது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். நான் கம்பிக்கு மேல் போட்ட பலகையில் நின்றுகொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

செத்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட, 'யாருக்கும் இல்லை என்று சொல்லாத உள்ளம்' என்று போட்டிருந்தார்கள். செட்டிகுளம் பஸ் ஸ்டாப்பில் அதைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். உன் தம்பி வந்து கையைப் பிடித்துவிட்டான். கிழிக்காமல் விட்டதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன். நீ செத்ததே அதனால்தான், அதைப் பெருமையாக அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

காலேஜில் நீ ஆர்.சி.சி. பேப்பரை, கம்பி போட்ட கான்கிரீட் பாடத்தை, இரண்டு தடவை கோட்டைவிட்டாய். மூன்றாவது தடவைக்கு நான்தான் உன்னை உட்கார வைத்தேன். பெரம்பலூரில் நம் ரூமில், ஃபேன் ஓடாத அந்த மே மாசத்தில். பார்முலாவை மனப்பாடம் பண்ணி எழுதிக்கொண்டிருந்த உன் நோட்டைப் பிடுங்கிக் கட்டில் அடியில் எறிந்தேன். பெரிய ரப்பர் ஒன்றை எடுத்து அதன் பக்கவாட்டில் பேனாவால் நேர்க்கோடுகள் போட்டேன். இரண்டு பென்சில்மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் விரலால் அமுக்கினேன்.

"என்ன ஆவுது பாரு."

"வளையுது."

"அது என் பாட்டிக்கும் தெரியும். கோட்டைப் பாரு."

குனிந்து பார்த்தாய். "கீழ கோடெல்லாம் விலகுது. மேல நெருங்குது."

"விலகுற பக்கம் இழுபடுது. கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், கொஞ்சம் இழுத்தா பிளந்துடும். அதனால இழுபடுற பக்கம் கம்பி. இவ்வளவுதாண்டா மொத்த சப்ஜெக்ட்டும். மீதியெல்லாம் எத்தனை கம்பி, எவ்வளவு தடிப்புங்கற கணக்கு."

"நடுவுல ஒரு இடம் விலகவும் இல்ல, நெருங்கவும் இல்லியே?"

"அதான் நியூட்ரல் ஆக்ஸிஸ். அங்க இழுப்பும் கிடையாது, அமுக்கமும் கிடையாது."

"நிம்மதியான எடம்டா" என்றாய். நான் சிரித்தேன். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

கேன்டிலீவரில் மறுபடி மாட்டிக்கொண்டாய். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிற தளம். அதில் கம்பி ஏன் மேலே வருகிறது என்று நான் எட்டுத் தடவை சொல்லியும் உனக்கு ஏறவில்லை. "நீயெல்லாம் எதுக்குடா சிவில் எடுத்த, போய் முந்திரித் தோப்பு பாரு" என்று கத்தினேன். அடுத்த நாள் காலையில் அரியலூர் பஸ்ஸில் உள்ளே நசுங்கிக்கொண்டிருந்த எனக்கு, படியில் தொங்கிக்கொண்டிருந்த நீ கத்தினாய். "மாப்ள, புரிஞ்சிடுச்சுடா. நான்தான் தளம், என் கைதான் கம்பி. கை மேல புடிச்சிருக்கறதாலதான் நான் நிக்கிறேன். கீழ போய் என்னத்தப் புடிக்கறது? புடிச்சா விழுந்துடுவேன்." கண்டக்டர், "உள்ள ஏறி வாடா, தளம்" என்றார். பஸ்ஸே சிரித்தது. இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சரியாக நான் படித்ததில்லை. அளவு எடுத்துக் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது.

அந்தப் பேப்பரில் இன்னொரு விஷயமும் உனக்குப் பிடித்துப் போனது. அளவுக்கு மேல் கம்பியைத் திணித்தால் கான்கிரீட் முதலில் நொறுங்கும், திடீரென்று எல்லாம் கீழே வரும். அளவோடு போட்டால் கம்பி முதலில் நீளும், தளம் தொய்யும், விரிசல் தெரியும், உள்ளே இருக்கிறவன் எழுந்து ஓட நேரம் கிடைக்கும். நோட்டு ஓரத்தில் இதை உன் பாஷையில் எழுதி வைத்தாய்: 'சொல்லிட்டு விழணும்.'

பாஸ் பண்ணினாய். நல்ல மார்க். ஊரிலிருந்து வெல்லம் போட்ட பொங்கல் கொண்டுவந்தாய்.

உன்னிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், அதை அப்போதே சொன்னேன். யாராவது எதையாவது நீட்டினால் உனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. செட்டிகுளத்தில் உங்கள் மலைக்கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போன அன்று நாலு வீட்டில் சாப்பிட்டாய். நாலாவது வீட்டை விட்டு வெளியே வந்து வேலி ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாய். "அறிவு கெட்டவனே, வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்றதுக்கு என்ன?" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "வேணாம்னா அவங்க மூஞ்சி சுருங்கிடும்டா. அதைப் பாக்க முடியாது என்னால."

படிப்பு முடிந்ததும் நான் பெரம்பலூரில் ஒரு பிளான் போடுகிற ஆபீஸில் சேர்ந்தேன். நீ அரியலூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இஞ்சினியர். அந்த வீடு உன் வழியாகத்தான் என் மேஜைக்கு வந்தது. கல்லங்குறிச்சி ரோட்டில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வீடு கட்டுகிற விவசாயி. முன்னால் ஆறடிக்குப் போர்டிகோ வேண்டும், ஆனால் தூண் வேண்டாம், டிராக்டர் வளைந்து உள்ளே வர இடைஞ்சல் என்றார். சரி, கேன்டிலீவர். கணக்குப் போட்டேன். அஞ்சு இஞ்சு தடிப்பு, கம்பி மேல்பக்கம், அது கீழே இறங்காமல் தாங்கிப் பிடிக்க வளைத்துவிட்ட சேர் கம்பிகள். வரைந்து கொடுத்ததும் நீ, "தமிழ்ல எழுதுடா, கம்பி கட்டுறவருக்குப் புரியணும்" என்றாய். 'கம்பி மேலே' என்று பெரிதாக எழுதி அம்புக்குறியும் போட்டேன்.

தளம் போட்ட அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். குரலே சரியில்லை.

"மாப்ள, போர்டிகோ போடறப்ப நான் பந்தியில உக்காந்துட்டேன்."

"போடறதுக்கு முன்னாடி கம்பி எங்க இருந்துச்சு?"

"மேலதான் இருந்துச்சு. நானே பாத்தேன். மூணு தடவ கூப்பிட்டாருடா, அப்புறம் கையப் புடிச்சு இழுத்தாரு. இலைய விட்டு எழுந்திரிக்க முடியல, கொழம்பு ஊத்திக்கிட்டே இருக்காங்க. நான் வர்றதுக்குள்ள போட்டுத் தேச்சு முடிச்சிட்டாங்க."

"சேர் கம்பி இருந்துச்சில்ல?"

"சித்தாளுங்களுக்குக் கால்ல தட்டுதுன்னு கொத்தனார் எடுத்துட்டாராம். கம்பி மேல மிதிச்சுத்தான் கலவைப் பாண்டு தூக்கியிருக்காங்க. கேட்டா, 'அடியில இருந்தாத்தான் சார் பாரம் தாங்கும், முப்பது வருஷமா இப்படித்தான் போடறேன்'ங்கறாரு."

முப்பது வருஷமாக அவர் போட்டதெல்லாம் நாலு சுவர்மேல் உட்கார்கிற தளம். அங்கே கம்பி அடியில் இருப்பதுதான் சரி. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். உனக்குத் தெரிந்ததை நீ ஏன் செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி. நீ எழுந்து வந்தபோது கான்கிரீட் ஈரமாகத்தான் இருந்தது. அள்ளிப் போட்டிருக்கலாம், கம்பியைத் தூக்கியிருக்கலாம். கேட்டேன். "வழவழன்னு தேச்சு வெச்சிருந்தாங்கடா, வூட்டுக்காரரு சந்தோசமா பாத்துக்கிட்டு நின்னாரு" என்றாய்.

"உடைச்சுடு."

"பத்திரிகை அடிச்சாச்சுடா, கிரகப்பிரவேசத்துக்கு."

"அப்ப அடியில குடுத்த முட்டுக்கம்ப எடுக்காத. அவர்ட்ட உள்ளத சொல்லு."

"சொல்றேன்" என்றாய்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். முகத்தில் தெளிவு இருந்தது. வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றாய். நுனியில் இரண்டு மூலைக்கும் இரண்டு தூண் வைத்துவிட்டால் தளம் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடும், அப்போது அடியில் இருக்கிற கம்பியே சரியான கம்பி ஆகிவிடும் என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரியான யோசனை. உடைக்கக்கூட வேண்டாம்.

"அவர்ட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். தூண் வெச்சா முகப்பு அழகா இருக்கும்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு."

"அழகா இருக்கும்னு சொன்னியா? இல்லாட்டி விழுந்துடும்னு சொல்லலையா?"

"புது வூட்டுல நின்னுக்கிட்டு விழுந்துடும்னு எப்படிடா சொல்றது? அவரு பொண்டாட்டி வேற பக்கத்துல நிக்கிது. அபசகுனமா வாயில வரலாமா?"

பஸ் ஸ்டாண்ட் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ, "மெதுவா பேசுடா" என்றாய். அதுதான் எனக்கு உச்சி வரை ஏறியது. "நீ சொல்லு, சொல்லாம போ. எனக்கென்ன வந்துச்சு? எத்தனை நாளைக்கு உனக்கு நான் சொல்லிக்குடுக்கறது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அரியலூர் பஸ் பக்கத்திலேயே நின்றது. ஏறியிருந்தால் ஒரு மணி நேரம். வீட்டுக்காரரிடம் நானே சொல்லியிருப்பேன், எனக்கு வாய் கூசாது. ஏறவில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் ஏறவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு, தளம் போட்ட பத்தொன்பதாம் நாள், வெள்ளையடிக்கவும் வாழைமரம் கட்டவும் முட்டுக்கம்புகளை எடுக்கச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும். பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங் ஆள் ஒருத்தர் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார்: "இஞ்சினியர் சார் எங்க யாரையும் முட்டுல கை வெக்க விடலைங்க. டீ குடிச்சிட்டு வாங்கன்னு எல்லாத்தையும் கடைக்கு அனுப்பிட்டாரு. நாங்க திரும்பிப் பாக்கறப்ப ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டு இருந்தாருங்க. நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு சுவர் பக்கமா."

நுனியிலிருந்து சுவருக்கு. கேன்டிலீவருக்கு அதுதான் முறை. அந்த நேரத்திலும் முறை மறக்கவில்லை உனக்கு. ஆனால் அந்த ஆள்களிடம்கூட, 'இது விழுந்தாலும் விழும், தள்ளி நில்லுங்க' என்று சொல்லவில்லை. டீ குடிக்க அனுப்பியிருக்கிறாய். சொன்னால் அவர்கள் உன்னையும் அடியில் போக விட்டிருக்க மாட்டார்கள். உனக்கு ஒருத்தர் முகம் சுருங்குவதைவிட ஒரு தளத்துக்கு அடியில் போய் நிற்பது சுலபமாக இருந்திருக்கிறது. அது தொய்யவில்லை, விரிசல் காட்டவில்லை. அப்படியே உன் மேல் வந்துவிட்டது.

மறுநாள் நான் டேப்போடு போனேன். உடைந்த துண்டுகளில் ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாக் கம்பியும் அடியிலிருந்து முக்கால் இஞ்சில். வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "எம் புள்ள மாதிரி சார் அந்தத் தம்பி. எப்படி ஆச்சு? நீங்கதானே பிளான் போட்டீங்க, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன். "பிளான் சரியாத்தான் இருக்கு."

விபத்து என்று எழுதி முடித்தார்கள். வீடு காவு வாங்கிவிட்டது என்று ஊர் முடித்தது. உன் அப்பா மட்டும் முடிக்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து கிளம்பின என்னை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார். "நீ அவன்கூடவே படிச்சவன், உண்மையச் சொல்லுப்பா. அந்தப் பாடத்துலதானே அவன் ரெண்டு தடவ பெயிலானான்? சரியாத் தெரியாமத்தான் செத்தானா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "நான்தான் இஞ்சினியருக்குப் படின்னு அனுப்பினேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நேற்று தளம் முடிந்து ஆள்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் வண்டியை எடுத்தேன். கல்லங்குறிச்சி ரோட்டுக்குப் போனேன். ஏன் நேற்று என்று கேட்காதே. அந்த வீட்டு வாசலில் பூட்டு. முன்சுவர் உச்சியில் உடைந்த விளிம்பும் துருப்பிடித்த கம்பிகளும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் பின்தெருவில் பழைய ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார். களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டுக் காலால் பரப்பிக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டார்.

"பிளான் போட்ட சாரா? வாங்க."

நின்றபடியே சொன்னேன். "அந்தத் தளத்துல கம்பி அடியில போயிடுச்சுங்க. அவன் அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டான். எனக்குத் தெரியும்ங்க."

காலை நிறுத்தினார். "அன்னிக்கு தெரியாதுன்னீங்க."

"ஆமாங்க."

"தூணு வெச்சா அழகா இருக்கும்னுச்சு அந்தத் தம்பி. அழகு எனக்கெதுக்குன்னேன். விழுந்துடும்னு சொல்லியிருந்தா நான் ஏன் சார் வேணாம்னு சொல்லப்போறேன்? எங் கையாலயே நட்டிருப்பேனே." குரல் ஏறிக்கொண்டே போனது. உள்ளேயிருந்து அவர் மனைவி வாசலுக்கு வந்து நின்றார். "மூணு வருஷமா சொந்த வூட்டப் பூட்டிப் போட்டுட்டு இங்க கெடக்கேன். வூட்டு ராசி, என் ராசின்னு ஊரே பேசுது. எம் பொண்ணு கல்யாணத்துக்கு அந்த வாசல்ல ஒரு கோலம் போடல. படிச்ச புள்ளைங்கதானே நீங்க ரெண்டு பேரும், ஒருத்தனுக்காச்சும் வாய் இல்லியா?"

இத்தனை வருஷமாக நான் உன்னைக் கேட்டதெல்லாம் அவர் என்னைக் கேட்டார். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சாவி இருந்தது.

"உள்ளாற இருக்கறதாவது நிக்குமா? பாத்துச் சொல்லுங்க. மழுப்பாம சொல்லுங்க."

ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். அடியில் விரிசல் இல்லை, தொய்வு இல்லை. "உள்ள எல்லாம் சுவர் மேல நிக்கிற தளம்ங்க, ஒண்ணும் ஆகாது. குடி வரலாம்" என்றேன். வாசலுக்கு வந்து மேலே காட்டி, "இங்க?" என்றார்.

"திரும்பப் போடறதா இருந்தா ரெண்டு மூலைக்கும் தூண் வெச்சுப் போடுங்க. தூண் இல்லாம போட்டு, கம்பி எறங்கிடுச்சுன்னா மறுபடி விழுந்துடும்."

அவருடைய வீட்டு நிலைக்கு அடியில் நின்றுகொண்டு, அவர் மனைவிக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவர், "சரி, வெச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டு எந்த இடத்தில் என்று மண்ணைப் பார்த்தார். அவ்வளவுதாண்டா. நீ உயிரைக் கொடுத்துச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அவ்வளவு சின்னது.

உன்மேல் கோபம் குறையவில்லை. ஆனால் இனி அதை நான் மட்டும் வைத்திருக்க முடியாது, அதில் உன் அப்பாவுக்குப் பங்கு இருக்கிறது. இப்போது செட்டிகுளம் பஸ்ஸுக்காக நிற்கிறேன், நிற்கிற நேரத்தில்தான் இதை எழுதி முடிக்கிறேன். அவர் கேட்ட கேள்வி மூன்று வருஷமாக என்னிடமே இருக்கிறது. உங்க பிள்ளைக்குத் தெரியும்ப்பா என்று சொல்லப் போகிறேன். பேப்பர் திருத்தினவர்களைவிட, என்னைவிட, நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவன் உள்ளே போனான், அவனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும், நானும் வாய் திறக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு அவர் என்னை வீட்டுக்குள் விடுவாரோ, வாசலோடு திருப்பி அனுப்புவாரோ. எதுவானாலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.